44 வயதில் முதல் சினிமா

பிரிட்டிஷ் நடிகைகள் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆட்கள் ஜூடி டென்ச், மேகி ஸ்மித், ஹெலன் மிரன், கேட் வின்ஸ்லெட் என்று நான்கு பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஐந்தாவதாக நான் பிரெண்டா பிளெதின் என்று சொன்னால், “யார் அது?” என்றுதான் கேட்பார்கள். 2005இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ படத்தில் கீரா நைட்லிக்கு அம்மாவாக வந்தவர் என்று விளக்கினால் உடனே முகம் மலரும். “ஓ, அந்தக் கத்துகிற அம்மாவா!”

கத்துகிற அம்மா என்பது பாதி உண்மை. பிளெதின் பேர் வாங்கிய வேடங்களில் பெரும்பாலானவை வாய் ஓயாத பெண்கள்தான். கெஞ்சுவார்கள், புலம்புவார்கள், சண்டைக்கு இழுப்பார்கள், யாரும் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதே நடிகை 65 வயதில் ஒரு பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, வாயைவிடக் காதை அதிகம் பயன்படுத்தும் போலீஸ் அதிகாரியாக வந்து நின்றார். ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலில் ‘வெரா’ என்ற அந்தத் துப்பறியும் தொடர் 2011இல் தொடங்கி 2025 ஜனவரி வரை 14 சீசன் ஓடியது. அந்தப் பெண்களும் இந்த வெராவும் எப்படி ஒரே ஆளிடமிருந்து வந்தார்கள் என்று பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்றியதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் வந்த பாதை, அதுவே ஒரு கதை.

கென்ட் மாவட்டத்தின் கடலோர ஊரான ராம்ஸ்கேட்டில் 1946 பிப்ரவரி 20 அன்று பிறந்தவர். பிறந்த பெயர் பிரெண்டா ஆன் பாட்டில். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா ஒரு பணக்கார வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர், அப்பா அதே வீட்டில் கார் ஓட்டியவர். அப்பா அதற்கு முன்னால் ஆடு மேய்த்திருக்கிறார், பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் சேர்ந்து ஆறு வருஷம் இந்தியாவில் இருந்திருக்கிறார். இருவருக்கும் நிச்சயமாகி 20 வருஷம் கழித்து, எட்டுப் பிள்ளைகள் பிறந்த பிறகு, 1944இல்தான் சட்டப்படி கல்யாணம் நடந்தது. அதன் பிறகு பிறந்த ஒரே பிள்ளை பிரெண்டா. கஷ்ட ஜீவனம்தான். ஆனாலும் வாரம் தவறாமல் சினிமாவுக்குக் கூட்டிப்போகும் பெற்றோர்.

பிளெதின் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். வங்கியில் சுருக்கெழுத்து, கணக்கு எழுதும் வேலை, அப்புறம் பிரிட்டிஷ் ரயில்வே அலுவலகம். அங்கே வேலை பார்த்த ஆலன் பிளெதின் என்ற வரைகலைக்காரரை 1964இல் கல்யாணம் செய்துகொண்டார். நாடகம் என்பது பொழுதுபோக்கு, ஓய்வு நேரத்தில் அமெச்சூர் மேடையில் ஏறுவதோடு சரி. 1973இல் கல்யாணம் முறிந்தது. கணவர் போனார், அவருடைய குடும்பப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. கல்யாணம் முறியும் தறுவாயில்தான் பொழுதுபோக்கைத் தொழிலாக்கிப் பார்க்கலாம் என்று முடிவுசெய்து கில்ட்ஃபோர்ட் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். 17, 18 வயதில் வந்து சேருகிறவர்கள் மத்தியில், பத்து வருஷம் அலுவலக வாழ்க்கையையும் ஒரு கல்யாணத்தையும் பார்த்துவிட்டு வந்தவர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் பிரிட்டனில் நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் உதவித்தொகை கொடுத்தன. காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் நடிப்புக்கு வர அதுதான் வழிவிட்டது. இன்று அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது என்று நடிகை ஜூலி வால்டர்ஸ் போன்றவர்கள் அலுக்காமல் சொல்லிவருகிறார்கள். இப்போது வரும் பிரிட்டிஷ் நட்சத்திரங்களில் எத்தனை பேர் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்கள் என்று பார்த்தால் அவர்கள் சொல்வது புரியும். வேலைக்காரிக்கும் கார் ஓட்டுநருக்கும் ஒன்பதாவதாகப் பிறந்த பெண் தேசிய நாடக அரங்குக்குப் போவது இனி எளிதில் நடக்காது.

பிளெதின் போனார். 1976 வாக்கில் லண்டன் மேடைக்கு வந்து, தேசிய நாடக அரங்கில் பல பருவங்கள் நடித்தார். ரால்ஃப் ரிச்சர்ட்சன் போன்ற ஜாம்பவான்களுடன் ஒரே மேடை. 1980இல் மைக் லீ என்ற இயக்குநர் பிபிசிக்காக ‘குரோன்-அப்ஸ்’ என்ற தொலைக்காட்சிப் படம் எடுத்தார். கேன்டர்பரியில் புதிதாகக் குடிவந்த ஒரு இளம் தம்பதி. மனைவியின் அக்கா குளோரியா, அதாவது பிளெதின், அழைக்காமலே வந்து வந்து நிற்கிறாள். போகச் சொன்னாலும் போகமாட்டாள். போக வேறு இடமில்லை என்பதுதான் விஷயம். கடைசியில் சண்டை முற்றிப் பக்கத்து வீட்டு மாடிப்படி வரைக்கும் போய்விடுகிறது. அந்த வீட்டில் ஒரு ஆசிரியத் தம்பதி, ஒழுங்கான, அமைதியான ஆட்கள். அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, இவள் இடத்தை விட்டு அசையமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். சிரிப்பு வரும், ஆனால் சிரித்ததற்கு உடனே கூச்சமாகவும் இருக்கும்.

எண்பதுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பிபிசியின் ஷேக்ஸ்பியர் வரிசையில் ‘கிங் லியர்’ நாடகத்தின் கார்டீலியா, சேனல் ஃபோரில் சைமன் காலோவுடன் ‘சான்ஸ் இன் எ மில்லியன்’ என்ற நகைச்சுவைத் தொடர், நடுநடுவே மேடை. வேலை வந்துகொண்டே இருந்தது, ஆனால் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இல்லை. திரையரங்குக்குப் போன முதல் படம் 1990இல் வந்த ‘தி விட்ச்சஸ்’. சூனியக்காரிகள் எலியாக மாற்றிவிடும் ஒரு குண்டுப் பையனுக்கு அம்மா வேடம். வயது 44. ஹாலிவுட் பல நடிகைகளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வயது அது. இரண்டு வருஷம் கழித்து ராபர்ட் ரெட்ஃபோர்டின் ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ படத்தில் பிராட் பிட்டுக்கு அம்மா. அப்பாவும் மகன்களும் மீன் பிடிக்கிற படத்தில் அம்மாவுக்கு என்ன பெரிய வேலை இருக்கப் போகிறது!

சரி, இப்போது 1996. மைக் லீ மறுபடி கூப்பிட்டார்.

லீ வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் ‘சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்’ படத்தில் பிளெதின் செய்தது புரியும். அவரிடம் திரைக்கதை கிடையாது. நடிகர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்த நிஜ மனிதர்களிலிருந்து ஒரு பாத்திரத்தை மாதக்கணக்கில் வளர்த்தெடுப்பார். பிறகு பாத்திரங்களைச் சந்திக்கவைத்து, என்ன நடக்கிறதோ நடக்கட்டும் என்று விடுவார். அதிலிருந்து வடிகட்டி, செதுக்கி, கடைசியில் வசனம் உறுதியாகும். கேமரா ஓடும்போது யாரும் வாய்க்கு வந்ததைப் பேசுவதில்லை. முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: உன் பாத்திரத்துக்குத் தெரியாத எதுவும் உனக்கும் தெரியக் கூடாது.

பிளெதினின் பாத்திரம் சிந்தியா. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. இடிந்துவிழப் போவது போன்ற ஒரு லண்டன் வீட்டில், தெருக் கூட்டும் வேலை பார்க்கும் மகளுடன் வாசம். மகளோ முகம் கொடுத்துப் பேசமாட்டாள். போட்டோ ஸ்டுடியோ வைத்து முன்னேறிவிட்ட தம்பி எப்போதாவது எட்டிப் பார்ப்பான். சிறு வயதில் பிறந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் தத்துக் கொடுத்துவிட்ட ஒரு பெண் குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து, கண் பரிசோதகராகி, வளர்ப்புத் தாய் இறந்த பிறகு பெற்றவளைத் தேடி போன் செய்கிறாள். பெயர் ஹார்டென்ஸ். மரியான் ஜான்-பாப்டீஸ்ட் நடித்தது. ஹார்டென்ஸ் கறுப்பினப் பெண். சிந்தியா வெள்ளைக்காரி.

ஒத்திகைக் கட்டத்தில் இருவரையும் லீ சந்திக்கவைக்கும் வரை இது பிளெதினுக்குத் தெரியாது. சிந்தியாவாக நின்றுகொண்டு மகள் வருவாள் என்று காத்திருந்தவர், கறுப்பினப் பெண் ஒருத்தி வந்து பேசியதும் நிஜமாகவே ஆள் மாறிவிட்டது என்று நினைத்திருக்கிறார். அந்தத் திகைப்பிலிருந்துதான் காட்சி பிறந்தது.

படத்தில் இருவரும் ஹோல்பர்ன் சுரங்க ரயில் நிலையத்துக்கு வெளியே சந்தித்து, ஆளில்லாத ஒரு காபிக் கடைக்குள் போகிறார்கள். எதிரெதிரே உட்காராமல் மேஜையின் ஒரே பக்கத்தில், கேமராவைப் பார்த்தபடி. முன்னால் தேநீர்க் கோப்பைகள். கேமரா நகராது. ஏழெட்டு நிமிஷம் ஒரே ஷாட், வெட்டே கிடையாது. சிந்தியா அன்பாகத்தான் பேசுகிறாள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, நீ நல்ல பெண், அலுவலகத்தில் காகிதம் மாறியிருக்கும், நான் கறுப்பின ஆணோடு இருந்ததே இல்லை என்கிறாள். சொல்லிக்கொண்டே வரும்போது எங்கோ பார்க்கிறாள். ஒரு நினைவு வந்து மோதுகிறது. எந்த நினைவு என்று சிந்தியா சொல்லமாட்டாள், படமும் கடைசிவரை சொல்லாது. பிளெதினின் முகம் மட்டும் மாறுகிறது. வாய் அரைகுறையாகத் திறந்து நிற்கிறது, கண் பக்கத்திலிருக்கும் பெண்ணின் பக்கம் திரும்பப் பயப்படுகிறது, அப்புறம் உடைந்து அழுகை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன்னை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை என்று தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

இதை மிகை நடிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கும் முதல் அரைமணி நேரம் சிந்தியாவின் கீச்சுக்குரலும் வார்த்தைக்கு வார்த்தை “ஸ்வீட்ஹார்ட்” என்பதும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எரிச்சல் வேண்டும். சிந்தியாவின் மகள் அவளைத் தினமும் எப்படிப் பார்க்கிறாளோ அப்படித்தான் நம்மையும் முதலில் பார்க்கவைக்கிறார்கள். காபிக் கடைக்கு வந்து சேரும்போது எரிச்சல்பட்டதற்குப் பரிகாரமாக முழுக் கவனத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம்.

அந்த வருஷம் கான் திரைப்பட விழாவில் படத்துக்கு உச்ச விருதான தங்கப் பனை, பிளெதினுக்குச் சிறந்த நடிகை விருது. கோல்டன் குளோப், பாஃப்டா இரண்டும் வந்தன. ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது, விருது ‘ஃபார்கோ’ படத்துக்காக ஃபிரான்சிஸ் மெக்டார்மண்டுக்குப் போனது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. துணை நடிகைக்கான பரிந்துரை பெற்ற மரியான் ஜான்-பாப்டீஸ்ட், நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பிரிட்டிஷ் பெண். ஆனால் சொந்த ஊரில் அவருக்கு அதற்கேற்ற வேடங்கள் வரவில்லை, அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். ஒரே மேஜையில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு அதற்கப்புறம் பாதை எப்படிப் பிரிந்தது என்பது பிரிட்டிஷ் சினிமாவைப் பற்றி நிறையவே சொல்கிறது.

1998இல் ‘லிட்டில் வாய்ஸ்’. ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில், வாய் திறக்காத மகளுக்கு வாய் மூடாத அம்மா. குட்டைப் பாவாடை, குடி, ஆண் துணைக்கான தவிப்பு, மகள் மேல் வெறுப்பு. இரண்டாவது ஆஸ்கர் பரிந்துரை இதற்குத்தான். அந்த முறை விருது, திரையில் எட்டு நிமிஷமே வந்த ஜூடி டென்சுக்கு. எனக்கு இந்தப் படத்தில் பிளெதினைப் பார்க்க அவ்வளவாகப் பிடிக்காது. சிந்தியாவின் குரல் இங்கே வெறும் சத்தமாகிவிட்டது. அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்திருக்கலாம். 2000இல் வந்த ‘சேவிங் கிரேஸ்’ நேர் எதிர். கணவன் வைத்துவிட்டுப் போன கடனை அடைக்கக் கார்ன்வாலில் கண்ணாடி வீட்டுக்குள் கஞ்சா வளர்க்கும் கைம்பெண். லேசான படம், பிளெதினும் லேசாகவே சுமந்துகொண்டு போகிறார்.

இப்போது அந்தக் கத்துகிற அம்மாவுக்கு வருவோம். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையில் அந்த அம்மாவின் பெயர் மிசஸ் பென்னட். அவளைக் கோமாளியாக்குவது சுலபம். 1995 பிபிசி தொடரில் அலிசன் ஸ்டெட்மன் அந்த வழியில்தான் போனார், நன்றாகவே செய்தார். பிளெதின் கணக்கு எழுதிய பெண். அவருடைய மிசஸ் பென்னட்டுக்குக் கணக்கு தெரிகிறது. ஐந்து பெண்கள், கணவன் கண்ணை மூடினால் வீடு தூரத்துச் சொந்தக்காரனுக்குப் போய்விடும், கையில் சேமிப்பு இல்லை. கல்யாணத்தைத் தவிர வேறு நினைப்பே கிடையாதா என்று மகள் எலிசபெத் எரிந்துவிழும்போது, உனக்கு ஐந்து பெண்கள் பிறக்கும்போது தெரியும் என்று ஒரு பதில் வரும். அதைப் பிளெதின் கத்தாமல் சொல்வார். அந்த வீட்டில் நிலைமை புரிந்த ஒரே ஆள் இவள்தானோ என்று ஒரு கணம் தோன்றிவிடும். படம் முழுக்கப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும் அப்பா மேல் எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

‘அடோன்மென்ட்’ படத்தில் பிளெதினுக்கு இருப்பது சில நிமிஷம். செய்யாத குற்றத்துக்காக மகனைப் போலீஸ் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், வேலைக்காரத் தாய் குடையால் காரை அடித்துக்கொண்டு, பொய்யர்கள், பொய்யர்கள் என்று கத்துகிறாள். தன் தாயும் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தவர் என்பது நினைவில் இல்லாமலா அந்தக் குடையை ஓங்கியிருப்பார்? இது என் ஊகம் மட்டும்தான்.

பலர் தவறவிட்ட படம் 2009இல் வந்த ‘லண்டன் ரிவர்’. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மகளிடமிருந்து தகவல் இல்லாமல் கெர்ன்சி தீவிலிருந்து ஒரு விவசாயப் பெண் லண்டன் வருகிறாள். மகனைத் தேடி பிரான்ஸிலிருந்து ஒரு ஆப்பிரிக்க முஸ்லிம் முதியவர் வருகிறார். அந்த வேடத்தில் சொத்திகி குயாத்தே, ஆறரை அடி உயரத்தை நெருங்கும் ஒல்லியான மனிதர், பேச்சே குறைவு. பிள்ளைகள் இருவரும் காதலர்கள் என்று தெரியவருகிறது. பிளெதின் இதிலும் பதறுகிறார், ஆனால் எதிரே இருப்பவர் பேசாததால் மெல்ல மெல்ல இவர் பேச்சும் குறைகிறது. பெர்லின் விழாவில் குயாத்தேவுக்கு நடிப்புக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. அவர் அருகில் உட்கார்ந்து அமைதியாக இருக்கப் பிளெதின் கற்றுக்கொண்டார் என்று சொன்னால் அது ரொம்ப அழகான கதையாகிவிடும், அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் வெரா வந்தது இதற்கு இரண்டே வருஷம் கழித்துத்தான்.

வெரா ஸ்டான்ஹோப், ஆன் கிளீவ்ஸ் எழுதிய நாவல்களின் நாயகி. 1999இல் வந்த முதல் நாவலில் ஒரு இறுதிச் சடங்கு நடக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு தாமதமாக நுழைவாள். பருமனான, கவனிப்பாரற்ற தோற்றம், பார்த்தால் போலீஸ் என்றே சொல்ல முடியாது. இந்த நாவல் ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய புத்தகக் கடையில் தயாரிப்பாளர் எலைன் காலின்ஸ் கையில் கிடைத்ததுதான் தொடருக்கு விதை. பிளெதின் புத்தகத்து வெராவைப் போலப் பருமன் கிடையாது. ஆனால் அந்த மடிப்புக் கலைந்த மழைக்கோட்டும், அமுங்கிய தொப்பியும், பழைய லேண்ட் ரோவரும் கொஞ்ச நாளில் அவருடையவையாகவே ஆகிவிட்டன.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நார்தம்பர்லாந்தின் புல்வெளி, கடல், மூடிப்போன சுரங்க ஊர்கள். விளம்பரங்களைக் கழித்தால் எபிசோடுக்கு ஒன்றரை மணி நேரம். கொலைகாரன் யார் என்பது எனக்கு மறுநாளே மறந்துபோகும். மறக்காதது விசாரணை அறை. வெரா உட்காருவாள், பையில் எதையோ துழாவுவாள், எதிரே இருப்பவரை “பெட்” (செல்லமே) என்றோ “லவ்” என்றோ அந்தப் பக்கத்து மக்கள் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு ஒரு சாதாரணக் கேள்வி கேட்பாள். அப்புறம் சும்மா இருப்பாள். பிளெதினின் கண் அப்போது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். அவசரமில்லை, மிரட்டல் இல்லை. எதிரே இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது, நிரப்புவதற்காகவே பேசத் தொடங்குவார். மாட்டிக்கொள்வார்.

முதலில் சொன்ன கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்த அறையில்தான் இருக்கிறது. குளோரியா, சிந்தியா, மிசஸ் பென்னட் எல்லோரும் ஏன் ஓயாமல் பேசினார்கள்? யாரும் காது கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் எப்படிப் பேசுவார்கள், எந்த இடத்தில் குரல் உடையும், எந்தப் பொய்யை எதற்காகச் சொல்வார்கள் என்பதை முப்பது வருஷமாக உள்ளேயிருந்து நடித்துப் பார்த்தவர், மேஜையின் அந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். வெராவுக்கு எதிரே உட்கார்ந்து அழுபவர்களில் பலர் சிந்தியாக்கள்தான். வெரா அவர்களைக் குற்றவாளியாக நினைக்கும்போதுகூட முழுசாகக் கேட்கிறாள். அவளுக்கும் வீட்டில் பேச ஆளில்லை. பறவை முட்டைகளைத் திருட்டுத்தனமாகச் சேகரித்த தகப்பன் விட்டுப்போன குடிசையில் தனியாக விஸ்கி குடிக்கிறவள். ஒரு காதலனைக் கொண்டுவந்து சேர்த்து அவளைச் சரிசெய்யாமல் விட்டார்களே, அதற்காகவே தயாரிப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு.

65 வயதில் தொடங்கிய நாயகி வேடம் 78 வயது வரை. சினிமா இப்படி ஒரு வேடத்தை அந்த வயதில் கொடுத்திருக்காது, பிரிட்டிஷ் தொலைக்காட்சி கொடுத்தது. வருஷத்தில் பாதி நாள் வடகிழக்கில் படப்பிடிப்பு, வீடும் கணவரும் தெற்கே. 2010இல் மறுமணம் செய்துகொண்ட மைக்கேல் மேஹ்யூ தேசிய நாடக அரங்கின் வரைகலை வேலைகளைக் கவனித்த ஆர்ட் டைரக்டராக இருந்தவர், பல வருஷத் துணை. ஒரு கோடைக்காலத்தையாவது வீட்டில் கழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வெராவின் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டில் இருந்தாரா என்றால், இல்லை. 2025இல் ‘டிராகன்ஃபிளை’ என்ற சின்னப் படம் திரைவிழாக்களுக்கு வந்தது. தனியாக வாழும் முதிய பெண்ணாகப் பிளெதின், பக்கத்து வீட்டுக்காரியாக ஆண்ட்ரியா ரைஸ்பரோ. ஏஜென்சியிலிருந்து வந்து அவசர அவசரமாகக் கவனித்துவிட்டு ஓடும் பணிப்பெண்களைப் பார்த்துப் பொறுக்காமல், நானே செய்துதருகிறேன் என்று வந்து நிற்கிறாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, ஒரு பெரிய நாயோடு. அதற்கு மேல் கதையைச் சொன்னால் படம் பார்க்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.